எந்த மாசிடோனியர்? கிரேக்கரும் ஸ்லாவியரும் உரிமை கோரும் ஒரே பெயர்

2024 மே 12 அன்று வட மாசிடோனியாவின் தலைநகர் ஸ்கோப்யேயில் கோர்தானா சில்யனோவ்ஸ்கா தாவ்கோவா குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது, அதிகாரபூர்வ உறுதிமொழியில் 'வட மாசிடோனியா' என்றிருந்த இடத்தில் 'மாசிடோனியா' என்று மட்டும் சொன்னார். விழாவுக்கு வந்திருந்த கிரேக்கத் தூதர் உடனே எழுந்து வெளியேறினார். நாட்டின் பெயரை 'வட மாசிடோனியா' என்று மாற்ற இரு நாடுகளும் 2018-இல் கையெழுத்திட்ட பிரெஸ்பா உடன்படிக்கை மீறப்பட்டுவிட்டதாக ஏதென்ஸ் கண்டனம் தெரிவித்தது. தன் அடையாளத்தைத் தன் வாயால் சொல்வது தனிமனித உரிமை என்று ஸ்கோப்யே பதில் அளித்தது. திசையைக் குறிக்கும் ஓர் அடைமொழி விடுபட்டதற்காக இரண்டு அரசுகள் மோதிக்கொள்வது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இந்த வழக்கில் நாட்டின் பெயர் மேற்பரப்பு மட்டுமே. அதற்கு அடியில் இருப்பது, கிரேக்க மொழி பேசும் ஒரு மக்கள் திரளும் ஸ்லாவிய மொழி பேசும் இன்னொரு மக்கள் திரளும் தங்களை ஒரே பெயரால் அழைத்துக்கொள்கின்றன என்பதும், அந்தப் பெயருக்கு இருவரும் கொடுக்கும் பொருள் வேறு வேறு என்பதும் ஆகும்.

ஒரு பெயர், நான்கு பொருள்

செய்திகளில் 'மாசிடோனியா' என்ற சொல் குறைந்தது நான்கு பொருள்களில் புழங்குகிறது. அவற்றைப் பிரித்துக்கொள்ளாமல் விவாதத்தில் இறங்கினால் எந்தத் தரப்பின் வாதமும் விளங்காது.

1. பண்டைய அரசு. இரண்டாம் பிலிப்பும் அவர் மகன் அலெக்சாந்தரும் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ஆண்ட நாடு. அதன் பழைய தலைநகரான ஐகாய், பின்னாளைய தலைநகரான பெல்லா ஆகிய இரண்டும் இன்றைய கிரேக்க எல்லைக்குள் உள்ளன.

2. நிலப்பகுதி. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வரைபடக்காரர்கள் ஒட்டோமன் பேரரசின் தென்பகுதி ஒன்றுக்குப் பொதுவாக இட்ட பெயர். இதில் ஏறக்குறைய பாதி இன்று கிரேக்கத்திலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட மாசிடோனியாவிலும், சுமார் பத்தில் ஒரு பங்கு பல்கேரியாவிலும், சிறு துண்டுகள் அல்பேனியா போன்ற அண்டை நாடுகளிலும் உள்ளன.

3. கிரேக்கரின் வட்டார அடையாளம். தெசலோனிக்கி நகரை மையமாகக் கொண்ட வட கிரேக்கத்தில் வாழும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களை 'மகெடோனெஸ்' என்கிறார்கள். இனத்தால் அவர்கள் கிரேக்கர், வட்டாரத்தால் மாசிடோனியர்.

4. ஸ்லாவியரின் தேசிய இனப் பெயர். வட மாசிடோனியாவின் பெரும்பான்மை மக்கள் தங்களை 'மகெடோன்சி' என்கிறார்கள். 2021 கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் வசிப்போர் 18,36,713 பேர், அவர்களில் 58.4 விழுக்காட்டினர் இந்த இனத்தைச் சேர்ந்தவர்கள்.

மோதல் மூன்றாவது பொருளுக்கும் நான்காவது பொருளுக்கும் இடையில் நிகழ்கிறது. தெசலோனிக்கியில் ஒருவர் தன்னை மாசிடோனியர் என்று சொன்னால், தான் கிரேக்கர் என்பதை அவர் கூடுதல் அழுத்தத்துடன் சொல்கிறார். எல்லைக்கு அப்பால் பித்தோலா நகரில் ஒருவர் அதையே சொன்னால், தான் கிரேக்கரும் அல்ல, பல்கேரியரும் அல்ல, செர்பியரும் அல்ல என்று சொல்கிறார். முன்னவருக்கு அது இருக்கும் அடையாளத்தின் ஓர் உட்பிரிவு. பின்னவருக்கோ அதைத் தவிர வேறு இனப்பெயர் கிடையாது. முன்னவர் விட்டுக்கொடுத்தாலும் கிரேக்கராகவே இருப்பார், பின்னவர் விட்டுக்கொடுத்தால் பெயரற்றவர் ஆவார் என்ற ஏற்றத்தாழ்வை விளங்கிக்கொண்டால், முப்பது ஆண்டுப் பேச்சுவார்த்தை ஏன் இழுத்தது என்பது பெருமளவு விளங்கிவிடும்.

நான்காவது பொருள் அந்த நாட்டுக்கு உள்ளேயே எல்லாருக்கும் பொருந்துவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மக்களில் 24.3 விழுக்காட்டினர் அல்பேனியர். ஸ்கோப்யேயில் 1910-இல் பிறந்த அன்னை தெரசாவும் அல்பேனியக் குடும்பத்தவரே. நாட்டின் பெயரை 'ஸ்லாவ் மாசிடோனியா' என்று மாற்றலாம் என்ற யோசனையை அல்பேனியர் ஏற்காததற்கும் இதுவே காரணம்.

அலெக்சாந்தர் இந்த வழக்கில் சாட்சி ஆவாரா?

பண்டைய மாசிடோனியர் பேசியது கிரேக்கத்தின் ஒரு கிளைமொழியா அல்லது கிரேக்கத்துக்கு நெருங்கிய தனிமொழியா என்பதில் அறிஞரிடையே விவாதம் உண்டு. பெல்லாவில் 1986-இல் கண்டெடுக்கப்பட்ட, கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஈயத் தகடு ஒன்று டோரிய வகைக் கிரேக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. அது முதல் கருத்துக்கு வலுச் சேர்த்தது. எப்படியாயினும் அது ஸ்லாவிய மொழி அல்ல என்பதில் ஐயமே இல்லை. ஸ்லாவியர் பால்கனில் குடியேறியது கி.பி. 6, 7-ஆம் நூற்றாண்டுகளில். அலெக்சாந்தர் இறந்து ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்குப் பிறகு.

அதனால் வழக்கு முடிந்துவிட்டது என்று கிரேக்கத் தேசியவாதிகள் சொல்வதும் பொருந்தாது. ஸ்லாவியர் குடியேறியும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஸ்லாவியருக்கு எழுத்து வகுத்துக் கொடுத்த சிரில், மெதோடியஸ் சகோதரர்கள் தெசலோனிக்கியில் பிறந்தவர்கள். அந்நகரைச் சுற்றிலும் பேசப்பட்ட ஸ்லாவிய வழக்கே அவர்கள் மொழிபெயர்ப்புகளுக்கு அடிப்படையாக அமைந்தது. அவர்களின் சீடர் கிளெமென்ட், இன்றைய வட மாசிடோனியாவில் உள்ள ஓஹ்ரித் ஏரிக்கரையில் நிறுவிய பள்ளி ஸ்லாவிய எழுத்து மரபின் முதன்மைக் களங்களில் ஒன்று. பெயருமே ஒரே இடத்தில் நிலைத்து நிற்கவில்லை. பைசாந்தியப் பேரரசில் 'மாசிடோனியா' என்ற நிர்வாக மாகாணம் இன்றைய துருக்கியில் உள்ள ஏதிர்னே நகரை மையமாகக் கொண்டு திரேஸ் பகுதியில் இருந்தது. 867 முதல் 1056 வரை ஆண்ட 'மாசிடோனிய வம்சம்' அந்த மாகாணத்திலிருந்து பெயர் பெற்றது. அதன் முதல் மன்னர் முதலாம் பசில் ஆர்மீனிய வழிக் குடும்பத்தில் வந்தவர்.

தொன்மையைக் கொண்டு தீர்ப்பு எழுத முடியாது. இன்றைய சச்சரவுக்கு விதை 1870-க்கும் 1949-க்கும் இடைப்பட்ட எண்பது ஆண்டுகளில் விழுந்தது. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுவது இரு தரப்புக்கும் சங்கடமானது என்பதால்தான் இருவரும் அலெக்சாந்தரைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேவாலயம் தீர்மானித்த தேசியம்

ஒட்டோமன் பேரரசு தன் குடிகளை மொழியால் பகுக்கவில்லை, மதத்தால் பகுத்தது. 'மில்லெத்' எனப்பட்ட இந்த ஏற்பாட்டில் கிழக்கத்திய மரபுக் கிறித்தவர் அனைவரும், வீட்டில் கிரேக்கம் பேசினாலும் ஸ்லாவியம் பேசினாலும், கான்ஸ்டாண்டினோபிள் மறைமுதல்வரின் கீழ் ஒரே சமூகமாகக் கணக்கிடப்பட்டார்கள். அந்தத் தலைமையின் வழிபாட்டு மொழியும் பள்ளி மொழியும் கிரேக்கம். சாதாரண உழவரைப் பார்த்து நீ யார் என்று கேட்டால், கிறித்தவன் என்றோ தன் ஊர்ப் பெயரைச் சொல்லியோதான் பதில் வரும்.

1870-இல் சுல்தான் தனிப் பல்கேரியத் திருச்சபைத் தலைமை ஒன்றுக்கு அனுமதி அளித்ததும் இந்த நிலை உடைந்தது. ஒரு மறைமாவட்டத்தின் கிறித்தவரில் மூன்றில் இரண்டு பங்கினர் விரும்பினால் அது புதிய தலைமையின் கீழ் மாறிக்கொள்ளலாம் என்று அந்த ஆணை சொன்னது. அன்றிலிருந்து ஊர்தோறும் எந்தத் தேவாலயம், எந்தப் பள்ளி என்ற போட்டி தொடங்கியது. மறைமுதல்வர் பக்கம் நின்றவரைக் கிரேக்கர் என்றும், புதிய தலைமையின் பக்கம் போனவரைப் பல்கேரியர் என்றும் பதிவு செய்தார்கள். ஒரே மொழியை, ஒரே வட்டார வழக்கில் பேசிய இரண்டு வீட்டார் இப்படி இரண்டு தேசியங்களாகப் பிரிந்தார்கள். செர்பியாவும் தன் பங்குக்குப் பள்ளிகள் திறந்தது. 1878 மார்ச்சில் சான் ஸ்டெஃபானோ ஒப்பந்தம் இந்நிலப்பகுதியின் பெரும்பங்கைப் புதிய பல்கேரியாவுக்குக் கொடுத்ததும், நான்கே மாதத்தில் பெர்லின் மாநாடு அதைப் பறித்து மீண்டும் சுல்தானிடம் ஒப்படைத்ததும் போட்டியை ஆயுதப் போட்டியாக மாற்றின.

1893-இல் தெசலோனிக்கியில் ஒட்டோமன் ஆட்சிக்கு எதிராக ஒரு புரட்சி இயக்கம் இரகசியமாக உருவானது. அதன் தலைவர்களில் புகழ்பெற்றவர் கோத்சே தெல்ச்செவ். அவர் பிறந்த ஊரான குகுஷ் இன்று கில்கிஸ் என்ற பெயரில் கிரேக்கத்தில் உள்ளது. அவர் கற்பித்தது பல்கேரியப் பள்ளிகளில். அவரது எச்சங்கள் அடக்கம் செய்யப்பட்டிருப்பது ஸ்கோப்யேயில். 1903 ஆகஸ்டு 2 அன்று வெடித்த இலிந்தென் எழுச்சி க்ரூஷெவோ மலையூரில் சில நாள்கள் ஒரு குடியரசை நடத்திக் காட்டி, பின்னர் கடுமையாக ஒடுக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே க்ர்ஸ்தே மிசிர்கோவ் என்ற அறிஞர், இங்குள்ள ஸ்லாவியர் பல்கேரியரோ செர்பியரோ அல்லர், தனி இனம், அவர்களுக்குத் தனி எழுத்துமொழி வேண்டும் என்று வாதிட்டு சோபியாவில் நூல் வெளியிட்டார்.

1904 முதல் 1908 வரை கிரேக்க ஆயுதக் குழுக்களும் களத்தில் இறங்கின. கிரேக்க வரலாற்றில் 'மாசிடோனியப் போராட்டம்' என்று கொண்டாடப்படும் காலம் இது. அதன் நாயகர்களில் ஒருவரான கப்பித்தான் கோத்தாஸ் வீட்டில் ஸ்லாவிய வழக்கைப் பேசியவர். கிரேக்கத் தரப்பில் போராடி 1905-இல் ஒட்டோமன் அரசால் தூக்கிலிடப்பட்டார். மொழியை வைத்து இனத்தைக் கணக்கிடும் எவரும் கோத்தாஸை எந்தப் பத்தியில் எழுதுவது என்று திகைக்கத்தான் வேண்டும். கிரேக்க அடையாளம் இங்கே மொழியால் மட்டும் ஆனதில்லை. ஸ்லாவிய மாசிடோனிய அடையாளமும் ஆதிகாலம் தொட்டு முழுமையாக இருந்ததில்லை. இரண்டையும் இந்தப் பத்தாண்டுகளே பெருமளவு வடித்தெடுத்தன.

எல்லைகளும் அவற்றின் பின்விளைவும்

ஒட்டோமன் ஆட்சியை இப்பகுதியிலிருந்து விரட்டிய பால்கன் போர்களுக்குப் பிறகு 1913 ஆகஸ்டில் புக்கரெஸ்ட் ஒப்பந்தம் இந்நிலத்தைக் கிரேக்கம், செர்பியா, பல்கேரியா ஆகிய மூன்றுக்கும் பங்கிட்டது. மூன்று அரசுகளும் தத்தம் பங்கில் மாசிடோனியர் என்ற தனி இனம் இல்லை என்றே நடந்துகொண்டன.

கிரேக்கப் பகுதியில் மாற்றம் மிக ஆழமானது. கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்புக்கொண்ட 1923 லோசான் ஏற்பாட்டின்படி முஸ்லிம்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். ஆசியா மைனரிலிருந்து வந்த கிரேக்க அகதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் மாசிடோனியாவில் குடியமர்த்தப்பட்டார்கள். பல்கேரியாவுடன் செய்துகொண்ட தனி ஒப்பந்தத்தின் வழியாக ஸ்லாவியர் பலரும் வெளியேறினார்கள். ஸ்லாவியத்தில் லெரின், வோதென் எனப்பட்ட ஊர்கள் ஃப்ளோரினா, எதெசா ஆயின. 1936-இல் ஆட்சியைப் பிடித்த மெத்தாக்சாஸ் சர்வாதிகாரத்தின் கீழ், பொது இடத்தில் ஸ்லாவிய மொழி பேசியதற்காக மக்கள் தண்டிக்கப்பட்டார்கள். செர்பியப் பகுதியோ 'தென் செர்பியா' எனப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் கணக்கை மாற்றியது. 1944 ஆகஸ்டு 2 அன்று, இலிந்தென் எழுச்சியின் அதே நாளில், பொதுவுடைமைத் தலைவர் டிட்டோவின் விடுதலைப் படையினர் யூகோஸ்லாவியக் கூட்டாட்சிக்குள் மாசிடோனியக் குடியரசை அறிவித்தார்கள். 1945-இல் அதன் மொழிக்கு எழுத்தும் எழுத்திலக்கணமும் வரையறுக்கப்பட்டன. இதை டிட்டோவின் கண்டுபிடிப்பு என்று கிரேக்கத்திலும் பல்கேரியாவிலும் பலர் சொல்வதுண்டு. மிசிர்கோவின் நூல் வெளிவந்தபோது டிட்டோ பதினொரு வயதுச் சிறுவர் என்பதை நினைவிற்கொண்டால் அந்த வாதத்தின் எல்லை தெரியும். அரசு ஆதரவு கிடைத்த பிறகே அந்த அடையாளம் பெருந்திரளினரிடம் உறுதிப்பட்டது என்பதும் உண்மை.

கிரேக்கரின் அச்சம் பிறந்தது இதற்கு அடுத்த நான்கு ஆண்டுகளில். 1946 முதல் 1949 வரை நடந்த கிரேக்க உள்நாட்டுப் போரில் வடக்கே இருந்த ஸ்லாவியர் கணிசமான அளவில் பொதுவுடைமைப் படையில் சேர்ந்தார்கள். யூகோஸ்லாவியா அப்படைக்கு உதவியது. ஏகேயக் கடல் வரை மாசிடோனியாவை இணைக்க வேண்டும் என்ற பேச்சும் யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து எழுந்தது. பொதுவுடைமையர் தோற்றதும் ஆயிரக்கணக்கான ஸ்லாவியர், குழந்தைகள் உள்பட, எல்லை தாண்டினார்கள். 1982-இல் கிரேக்க அரசு அகதிகள் திரும்பிவர அனுமதித்தபோது 'இனத்தால் கிரேக்கர்' என்ற நிபந்தனையைச் சேர்த்ததால் இவர்களுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. ஒரு தரப்பின் நினைவில் இது நாட்டைத் துண்டாடும் முயற்சி. மறுதரப்பின் நினைவில் இது சொந்த ஊரிலிருந்து விரட்டப்பட்ட கதை. 'மாசிடோனியா' என்ற சொல்லைக் கேட்டதும் இரு தரப்புக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

1991-க்குப் பின்: கொடி, முற்றுகை, சிலை

1991 செப்டம்பர் 8 அன்று நடந்த வாக்கெடுப்பை அடுத்து யூகோஸ்லாவியாவின் உறுப்பாக இருந்த அந்தக் குடியரசு 'மாசிடோனியக் குடியரசு' என்ற பெயரில் தனி நாடானது. கிரேக்கத்தின் ஆட்சேபம் மூன்று: பெயர், அண்டை நாடுகளில் உள்ள மாசிடோனிய மக்களின் உரிமையில் அக்கறை காட்டுவோம் என்ற அரசியல் சட்டப் பிரிவு, கொடி. அந்தக் கொடியில் இருந்தது வெர்ஜினா கதிரவன். அதாவது கிரேக்க அகழாய்வாளர் மனோலிஸ் அந்த்ரோனிகோஸ் வட கிரேக்கத்தின் வெர்ஜினாவில் 1977-இல் திறந்த, பண்டைய மாசிடோனிய அரச கல்லறையின் பொற்பேழை மீதிருந்த சின்னம்.

1993 ஏப்ரலில் அந்நாடு 'முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்ற தற்காலிகப் பெயரில் ஐ.நா.வில் சேர்க்கப்பட்டது. அவையில் ஆங்கில அகரவரிசைப்படி மாசிடோனியாவின் எழுத்தான M-இல் அந்நாட்டை அமர்த்தக் கிரேக்கம் மறுத்தது. 'முன்னாள்' (Former) என்பதன் எழுத்தான F-இல் அமர ஸ்கோப்யே மறுத்தது. கடைசியில் பெயருக்கு முன்னே வரும் 'The' என்ற சுட்டுச்சொல்லின் எழுத்தைக் கொண்டு தாய்லாந்துக்கு அருகே இடம் கொடுத்தார்கள். 1994 பிப்ரவரியில் கிரேக்கம் வணிகத் தடை விதித்தது. கடற்கரை இல்லாத அந்நாட்டுக்குத் தெசலோனிக்கித் துறைமுகமே முதன்மை வாயில். 1995 செப்டம்பர் இடைக்கால உடன்பாட்டில் கொடி மாறியது, தடை நீங்கியது, பெயர் மட்டும் நின்றது.

அந்த உடன்பாட்டின்படி தற்காலிகப் பெயரில் சர்வதேச அமைப்புகளில் சேர விண்ணப்பித்தால் கிரேக்கம் தடுக்கக்கூடாது. ஆனாலும் 2008-இல் புக்கரெஸ்ட் நேட்டோ மாநாட்டில் அது தடுத்தது; 2011 டிசம்பரில் சர்வதேச நீதிமன்றம் அதை ஒப்பந்த மீறல் என்று தீர்ப்பளித்தது. ஸ்கோப்யேயில் விமான நிலையத்துக்கு ஏற்கெனவே அலெக்சாந்தர் பெயரை இட்டிருந்த நிகோலா க்ருயெவ்ஸ்கியின் அரசு இதற்கு ஆற்றிய எதிர்வினை நாட்டுக்குத் தீங்கானது: நகர நடுவே குதிரைமீது வீரன் சிலை, பழங்காலப் பாணி முகப்புகள். தனக்கு உறுதியான வரலாறாக இருந்த ஓஹ்ரிதையும் இலிந்தெனையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, எதிர்த்தரப்பு எளிதில் மறுக்கக்கூடிய ஒரே உரிமையை அந்த அரசு முன்னிறுத்தியது.

பிரெஸ்பா ஒப்பந்தம் என்ன சொன்னது

2017-இல் ஸோரான் ஸாயெவ் பிரதமரானதும் பேச்சு வேகம் பிடித்தது. 2018 ஜூன் 17 அன்று, இரு நாடுகளும் அல்பேனியாவும் பகிர்ந்துகொள்ளும் பிரெஸ்பா ஏரிகளின் கரையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் சாரம்:

1. நாட்டின் பெயர் 'வட மாசிடோனியக் குடியரசு'. வெளியுறவில் மட்டுமன்றி உள்நாட்டிலும் எல்லா அதிகாரபூர்வப் பயன்பாட்டுக்கும் அதுவே.

2. குடியுரிமை 'மாசிடோனியர் / வட மாசிடோனியக் குடியரசின் குடிமகன்' என்று குறிக்கப்படும்.

3. மொழியின் பெயர் 'மாசிடோனிய மொழி'. அது தென் ஸ்லாவிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும் எழுதப்பட்டது.

4. 'மாசிடோனியா', 'மாசிடோனியர்' ஆகிய சொற்களுக்கு இரு தரப்பும் வெவ்வேறு வரலாற்றுச் சூழலையும் பண்பாட்டு மரபையும் பொருளாகக் கொள்கின்றன என்பதை இருவரும் ஏற்கிறார்கள். கிரேக்கத் தரப்புக்கு அது பண்டைய ஹெலனிய நாகரிகத்தையும் அதன் தொடர்ச்சியையும் குறிக்கும். மறுதரப்புக்கு அதிலிருந்து தெளிவாக வேறுபட்ட தன் நிலத்தையும் மொழியையும் மக்களையும் குறிக்கும்.

5. வெர்ஜினா கதிரவன் பொதுப் பயன்பாட்டிலிருந்து நீக்கப்படும். பாடநூல்களை ஆராய இருதரப்பு வல்லுநர் குழு அமைக்கப்படும்.

இவற்றில் நான்காவதே உயிர்நாடி. பெயரை ஒருவருக்குக் கொடுத்து மற்றவரிடமிருந்து எடுப்பதற்குப் பதிலாக, ஒரே சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்பதைச் சட்டமாக்கியது அது. நாட்டுப் பெயரில் கிரேக்கம் வென்றது. இனப்பெயரிலும் மொழிப்பெயரிலும் ஸ்கோப்யே வென்றது. இரு நாடுகளிலும் தாங்கள் தோற்ற பாதியையே எதிர்க்கட்சிகள் முழக்கமாக்கின என்பதில் வியப்பில்லை.

2018 செப்டம்பர் 30 வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆதரித்தாலும், வாக்குப்பதிவு சுமார் 37 விழுக்காடாக நின்றது. செல்லுபடியாகத் தேவையான பாதி எட்டப்படவில்லை. ஆகவே நாடாளுமன்றம் 120-இல் 81 வாக்குகளால் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. கிரேக்க நாடாளுமன்றத்தில் 2019 ஜனவரி 25 அன்று 153-க்கு 146 என்ற கணக்கில் ஒப்புதல் கிடைத்தது. 2020 மார்ச்சில் வட மாசிடோனியா நேட்டோவின் 30-ஆவது உறுப்பினரானது.

ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பவர்கள்

கிரேக்கத்துக்கு உள்ளேயே, ஃப்ளோரினா, எதெசா வட்டாரங்களில் ஸ்லாவிய வழக்கைப் பேசுவோர் இன்றும் உண்டு. அவர்களில் பலர் தங்களைக் கிரேக்கர் என்றே கருதுகிறார்கள். தங்களை 'டோப்பியோய்', அதாவது உள்ளூர்க்காரர், என்கிறார்கள். சிலர் தங்களை இனத்தாலும் மாசிடோனியர் என்கிறார்கள். இந்தச் சிறுபான்மையைக் கிரேக்க அரசு அங்கீகரிப்பதில்லை. ஃப்ளோரினாவில் மாசிடோனியப் பண்பாட்டு மன்றம் ஒன்றைப் பதிவு செய்யக் கிரேக்க நீதிமன்றங்கள் மறுத்ததற்கு எதிராக 1998-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரெஸ்பா ஒப்பந்தம் இம்மக்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர்களைக் குறிப்பிட்டிருந்தால் கிரேக்க நாடாளுமன்றத்தில் அது தேறியிருக்காது.

பல்கேரியாவின் ஆட்சேபம் வேறு வகையானது. 1992 ஜனவரியிலேயே அது நாட்டை அதன் பெயரோடு அங்கீகரித்துவிட்டது. அது ஏற்க மறுப்பது மொழியையும் வரலாற்றையும்: மாசிடோனிய மொழி பல்கேரியத்தின் வட்டார எழுத்து வடிவம் என்பதும், தெல்ச்செவ் பல்கேரியர் என்பதும் அதன் நிலை. கிரேக்கத்துடனான சிக்கல் தீர்ந்த பிறகு, 2020 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியச் சேர்க்கைப் பேச்சைப் பல்கேரியா தடுத்தது. 2022-இல் பிரெஞ்சு முன்மொழிவின்படி தடை நிபந்தனையோடு விலகியது. வட மாசிடோனியா தன் அரசியல் சட்டத்தில் பல்கேரியரையும் நாட்டின் மக்களுள் ஒரு பிரிவாகச் சேர்க்க வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2024 தேர்தலில் வென்று பிரதமரான கிறிஸ்தியான் மிட்ஸ்கோஸ்கி, பெயரை மாற்றிய பிறகும் நிபந்தனைகள் ஓயவில்லை என்று சொல்லித் திருத்தத்தை ஏற்க மறுத்தார். அதுவரை ஒன்றாகவே நடத்தப்பட்டுவந்த அல்பேனியாவின் விண்ணப்பத்தை ஒன்றியம் தனியே பிரித்து, 2024 அக்டோபரில் அந்நாட்டுடன் மட்டும் சேர்க்கைப் பேச்சின் முதல் தலைப்புத் தொகுப்பைத் தொடங்கியது.